தாயிடம் உத்தரவு கேட்ட அண்ணாதுரை

ஏற்காட்டிலிருந்து கிளியூருக்கு இறங்குகிற பாதையில் காபித் தோட்டத்துக்கு நடுவே, வேலையாட்களுக்கென்று வரிசையாகக் கட்டிய எட்டு லைன் வீடுகள் இருக்கின்றன. அதில் ஆறாவது வீடு அண்ணாதுரையுடையது. வயது நாற்பத்தேழு. அவருடைய தாத்தா அரூர்ப் பக்கமிருந்து பிழைப்புத் தேடி மலை ஏறி வந்தவர். அண்ணாதுரை பிறந்தது, அஞ்சாவது வரைக்கும் படித்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் இந்த எஸ்டேட்டில்தான்.

மிளகுக் காலம் வந்தால் ஒற்றை மூங்கில் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரம் ஒவ்வொன்றும் நாற்பதடி, ஐம்பதடி இருக்கும். ஏணியைச் சாத்தி, மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஏறட்டுங்களா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் காலை வைப்பார். பாம்பு குறுக்கே படுத்திருந்தால் அதையும் ஒதுங்கச் சொல்லிக் கேட்பார். அப்படி ஒரு மனிதர். யாரையும் கேட்காமல் எதையும் செய்யத் தெரியாது.

அவர் பெண்சாதி அம்மணிக்கு இதைச் சொல்லிச் சிரிப்பதில் அலுப்பே கிடையாது. தாலி கட்டுகிற நேரத்தில் மேளம் கொட்டிக்கொண்டிருக்க, இவர் குனிந்து அவள் காதில், கட்டட்டுமா என்று கேட்டாராம். "நான் வேண்டான்னு சொல்லியிருந்தா மஞ்சக் கயித்தை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டு ஊட்டுக்குப் போயிருப்பாருங்க" என்பாள். களத்தில் அத்தனை பெண்களும் சிரிப்பார்கள். அண்ணாதுரையும் சிரிப்பார். அவர் பேசாததையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். பத்தொன்பது வருஷமாக அந்தக் குடும்பம் அப்படித்தான் நல்லபடியாக ஓடியது.

போன வருஷம் தை மாதக் கடைசியில், ஏழாவது படிக்கிற மகள் இலக்கியா பள்ளிக்கூடத்திலிருந்து அம்மையோடு வந்தாள். லைனில் யாரும் அதை நோய் என்று சொல்லமாட்டார்கள். அம்மா வந்திருக்கிறாள் என்பார்கள். பிள்ளைக்கு இருபது முத்துப் போட்டு ஒரு வாரத்தில் இறங்கிவிட்டது. அது இறங்கிய கையோடு அம்மணிக்குப் போட்டது. தலை முதல் கால் வரை ஊசி குத்த இடமில்லாமல் போட்டது.

வாசலில் வேப்பிலை செருகினார்கள். வீட்டில் தாளிப்பதை நிறுத்தினார்கள். மருந்து, மாத்திரை பேச்சே இல்லை. அம்மா இறங்கியிருக்கிற உடம்பை அம்மாவாகவே நினைத்து மரியாதையாகத்தான் பேச வேண்டும். அண்ணாதுரை பெண்சாதியிடம், "எந்திரிங்க தாயி, எளநி குடிங்க" என்று கைகட்டி நின்றார். அத்தனை அரிப்பிலும் அம்மணி, இந்த மரியாதை அம்மா மலையேறினப்புறமும் இருக்கட்டும் என்று கேலி பேசினாள்.

முத்து வாடியதும் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர், மூன்று முறை. மூன்றாம் தண்ணீரோடு அம்மா விடைபெற்றுப் போவாள். ஞாயிறு ஒன்று, செவ்வாய் ஒன்று ஆயிற்று. மூன்றாவது வெள்ளிக்கிழமை ஊற்ற வேண்டியது. வெள்ளிக்கிழமை கீழ்த் தோட்டத்தில் மிளகு பறிக்கிற முறை அண்ணாதுரைக்கு. அம்மணிக்கும் படுத்துப் படுத்து அலுத்துப் போயிருந்தது. அதனால் வியாழக்கிழமையே ஊற்றிவிட்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் அவர் கோயில் பூசாரியைக் கேட்கவில்லை.

அம்மணி உடம்பு தேறி வேலைக்குப் போனாள். பத்து நாள் ஒரு குறையும் இல்லை. பதினோராம் நாள் களத்தில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தவள், எதிர் மலையில் இருக்கிற செல்போன் டவரைப் பார்த்துக் கும்பிட்டாள். மலை உச்சியில் கோயில் கொண்ட சேர்வராயன் அண்ணன் அங்கிருந்து டவர் வழியாகத் தனக்குச் சேதி அனுப்புகிறான் என்றாள். அம்மணி வாய் திறந்தாலே வேடிக்கைதான் என்பதால் எல்லாரும் சிரித்தார்கள். காலையெல்லாம் சிரித்தார்கள். சாயங்காலம் யாரும் சிரிக்கவில்லை. அவள் இன்னும் அந்தப் பேச்சை நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு அவள் தூங்கவே இல்லை. கட்டிலில் சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, தானே மாரி என்று சொன்னாள். ஏனுங்க என்பதைத் தவிர வேறு சொல்லிப் புருஷனைக் கூப்பிட்டறியாதவள், "டேய் மகனே" என்று கூப்பிட்டாள். அண்ணாதுரையும் என்னங்க தாயி என்று போய் நின்றார்.

எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் கிறிஸ்துதாஸ் நல்ல மனிதர். உடம்புக்கு எப்படி என்று விசாரிக்க வந்தார். வந்தவரைச் செருப்போடு உள்ளே வரலாமா என்று ஒரு அதட்டு அதட்டினாள். மாதா கோயிலைத் தவிர வேறெங்கும் போகாத மனிதர், தன் பூட்ஸ் இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றார். உங்கள் மாதா மேல் எனக்குக் கோபமில்லை, சொல்லிவிடு என்று உத்தரவாயிற்று. சரிங்கம்மா, சொல்லிடறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

லைன் கோயில் பூசாரி ராமசாமி வந்து பார்த்தார். எழுபது வயது, பழுத்த பக்தர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். எத்தனை தண்ணீர் ஊற்றினீர்கள், எந்தக் கிழமை என்று கேட்டார். வியாழக்கிழமை என்று அண்ணாதுரை சொன்னதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். அம்மா போகவில்லை, அவசரப்படுத்தி அனுப்பப் பார்த்ததில் திரும்பி உட்கார்ந்துவிட்டாள் என்றார். வேப்பிலையை மறுபடி செருகி, வருகிற ஞாயிறு தொடங்கி மூன்று தண்ணீரும் முதலிலிருந்து ஊற்ற வேண்டும். அதுவரை மருந்து கூடாது, எஸ்டேட் எல்லையைத் தாண்டக் கூடாது. அங்கிருந்த எல்லாரும் அண்ணாதுரையைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார்.

சேதி பரவியது. செம்மநத்தத்திலிருந்து கண்ணாயி என்கிற அம்மாள் காணாமல் போன ஆட்டைக் கேட்டு வந்தாள். "ஆடு உன் ஊட்டுக்குப் பின்னால நிக்குது, போ" என்று அம்மணி சொன்னாள். கண்ணாயி போய்ப் பார்த்தால் ஆடு வீட்டுக்குப் பின்னால்தான் நின்றது. சாயங்காலம் ஆனால் ஆடு வீட்டுக்கு வரும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. மறுநாள் வாசலில் ஒன்பது பேர் எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் திருவிழா மாதிரி இருந்தது. உள்ளே அண்ணாதுரை சோற்றுத் தட்டோடு அவள் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவள் சாப்பிடவில்லை. சாமிக்கு வாசம் போதும் என்று சோற்றை முகர்ந்துவிட்டுத் தள்ளிவிடுவாள். ஐந்து நாளில் கன்னம் ஒட்டி, கை நடுங்க ஆரம்பித்தது. பேசிப் பேசிக் குரல் கம்மிப் போயிற்று. அப்போதும் நிறுத்தவில்லை. தண்ணீர் ஊற்றி முடிக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஒரு வாரம் இந்த உடம்பு தாங்குமா என்று அவர் மனசுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இலக்கியா பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மணி அவள் தலையைத் தடவிக் கொடுத்து, "நல்ல கொழந்தையா இருக்குதே, யாரூட்டுப் புள்ளடா இது?" என்று புருஷனைக் கேட்டாள்.

பிள்ளை எழுந்து வெளியே போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டது. அண்ணாதுரையும் பின்னாலேயே போய் நின்றார்.

ஐந்தாம் வீட்டு அற்புதம் அதைப் பார்த்துவிட்டாள். ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் துணி துவைக்கிற வேலை அவளுக்கு. பிள்ளையைக் கூட்டிப் போய் டீ கொடுத்துவிட்டு வந்து, ஆத்தூரிலிருக்கிற தன் அக்கா வீட்டுக்காரர் கதையைச் சொன்னாள். அவருக்குக் கொரோனா வந்து நல்லபடியாகத் தேறி, பத்துப் பதினைந்து நாள் கழித்து, வீட்டுச் சுவருக்குள் போலீஸ் ஒளிந்திருக்கிறது என்று கடப்பாரையை எடுத்து இடிக்க ஆரம்பித்தாராம். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் தெளிந்தார். இப்போது அதே சுவருக்கு அவரே சுண்ணாம்பு அடிக்கிறார்.

அம்மா இருக்கிற உடம்புக்கு மருந்து கொடுத்தால் அம்மா கோபித்துக்கொள்ள மாட்டாளா என்று அண்ணாதுரை கேட்டார். ஏற்கெனவே ஒரு முறை அவளை அவசரப்படுத்தியவர் அவர். இரண்டாம் முறையும் தப்புச் செய்தால் அம்மணி திரும்பி வருவாளா என்பதுதான் அவர் பயம்.

அற்புதம் விளையாட்டாகத்தான் சொன்னாள். "அதுக்கு ஏனுங்கண்ணா எங்கிட்டக் கேக்கறீங்க. அம்மாதான் ஊட்டுக்குள்ளயே உக்காந்திருக்காங்களே. அவங்களையே கேட்டுப்போடுங்க."

சொன்னவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அண்ணாதுரை சிரிக்கவில்லை. இது ஏன் நமக்குத் தோன்றாமல் போயிற்று என்று நினைத்தார்.

சனிக்கிழமை விடிந்ததும் குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு போய்ப் பூசாரியைக் கூட்டி வந்தார். தட்டில் கற்பூரம் ஏற்றினார். லைன் முழுக்க வாசலில் கூடிவிட்டது. கட்டிலில் அம்மணி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் பொய் சொல்லிக் கூட்டிப்போக நினைக்கவில்லை. தாயிடம் பொய் சொல்ல அவருக்கு நாக்கு வராது. உள்ளதை உள்ளபடி கேட்டார்.

"தாயி, எம் பொஞ்சாதி அம்மணிங்க. அஞ்சாறு நாளாக் கண்ண மூடல, ஒருவாய் சோறு திங்கல. அவ ஒடம்பு இனித் தாங்காதுங்க. வெசாழக்கெழம தண்ணி ஊத்துனது என் தப்பு. அதுக்கு என்னைய என்ன வேணாலும் பண்ணுங்க. அவளச் சேலத்துல டாக்டர்கிட்டக் காட்டிட்டு வரட்டுங்களா?"

அம்மணி அவரையே பார்த்தாள். கற்பூரம் பாதி எரிந்தது. வாசலில் ஒரு குழந்தை தும்மியது. பூசாரி வாய்க்குள் எதையோ முணுமுணுத்தார். கற்பூரம் அணையப் போகிற நேரத்தில் அவள் தலையை மெதுவாக ஆட்டினாள்.

"அவ நல்ல புள்ளடா. நொம்ப ஒழைச்சுப்புட்டா. கூட்டிட்டுப் போய்க் காட்டு. ஆனா ஊசிகீசி போட்டா அவளுக்குப் போடச் சொல்லு, எனக்குப் போடக் கூடாது." கொஞ்சம் நிறுத்தி, "நானும் வரேன். பஸ்ஸுல சன்னலோரமா எடம் புடி" என்றாள்.

எல்லாரும் இப்போது பூசாரியைப் பார்த்தார்கள். உள்ளே இருப்பது அம்மாதான் என்று சொன்னவரே அவர். அவர் இரண்டு முறை செருமினார். அம்மாவே சொன்ன பிறகு நான் யார் என்று சொல்லி, திருநீற்றை எடுத்து அம்மணி நெற்றியில் பூசினார். அதோடு விடாமல், எழுபது வயதில் ஓட்டமும் நடையுமாகப் போய் ரைட்டரிடம் சொல்லி எஸ்டேட் ஜீப்பை வரவழைத்தவரும் அவர்தான். ரைட்டர் ஜீப்பைக் கொண்டு வந்து நிறுத்திவிட்டு, ஏறட்டும் என்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். இலக்கியாவை அற்புதம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தது. இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் அம்மணி கையை வெளியே நீட்டி ஆசீர்வாதம் செய்தாள். அண்ணாதுரை ஒவ்வொரு முறையும் அந்தக் கையைப் பிடித்து, உள்ளே வெச்சுக்குங்க தாயி என்று கும்பிட்டு உள்ளே வைத்தார். பின் சீட்டுக்காரர் தன் மகன் பரீட்சையில் தேறுவானா என்று கேட்டார். படித்தால் தேறுவான் என்று பதில் வந்தது. அடிவாரத்தில் டிரைவர் திரும்பிப் பார்த்து, இன்றைக்கு எதிரே ஒரு லாரிகூட வரவில்லை, இந்தம்மாவைத் தினமும் கூட்டி வாருங்கள் என்றார்.

சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் இளவரசி என்று ஒரு அம்மாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பேர் என்ன என்று கேட்டதற்கு அம்மணி, மாரி என்றாள். வயசுக்கு, அதற்குக் கணக்கில்லை என்றாள். டாக்டர் சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அண்ணாதுரையைக் கேட்டு நாற்பத்திரண்டு என்று எழுதிக்கொண்டார். அம்மை எப்போது போட்டது, எப்போது இறங்கியது, பேச்சு எப்போது மாறியது என்று நாள் நாளாகக் கேட்டார்.

அண்ணாதுரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, வியாழக்கிழமை விஷயத்தையும் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கெழமைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க. நீங்க எந்தத் தப்பும் பண்ணல."

அம்மை போன்ற காய்ச்சல் வந்து போன பிறகு, அபூர்வமாகச் சிலருக்கு மூளையில் வீக்கம் மாதிரி ஆகி, இல்லாத குரல் கேட்கும், தூக்கம் போய்விடும், தான் யார் என்பதே மாறிவிடும் என்று விளக்கினார். சோதித்துப் பார்த்தால்தான் முடிவாகச் சொல்லலாம், ஆனால் நேரத்தோடு வந்திருப்பதால் நல்லபடியாகிவிடும் என்று தன் மனசுக்குப் படுகிறது என்றார். அண்ணாதுரைக்குப் பாதி புரிந்தது. தப்பு உன்னுடையது இல்லை என்றது மட்டும் முழுசாகப் புரிந்தது. முதுகில் தூக்கிக்கொண்டு திரிந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

தலையைப் படம் எடுத்தார்கள். முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் நினைத்தது சரிதான் என்று தெரிந்தது. ஊசி போட வந்த நர்ஸிடம் அண்ணாதுரை, அம்மணிக்குப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்தப் பெண்ணும் அப்படியே சொல்லிவிட்டுப் போட்டது. மத்தியானம் மூன்று மணிக்குக் கண்ணை மூடியவள் மறுநாள் காலை ஒன்பது மணிக்குத்தான் விழித்தாள். அவர் ஸ்டூலை விட்டு அசையவில்லை. அவள் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டே மாரியம்மன் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

உடனே தெளிந்துவிடவில்லை. காலையில் மாரி, மத்தியானம் யாரோ, சாயங்காலம் ஒன்றும் பேசாத ஒரு பெண் என்று ஒரு வாரம் போயிற்று. ஒன்பதாம் நாள் மத்தியானம் அவர் சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வாய் வாங்கிக்கொண்டவள் முகத்தைச் சுளித்தாள்.

"ஏனுங்க, இந்தச் சாம்பாருல உப்பே இல்லீங்களே. இத்தனை நாளா இதையவா தின்னுக்கிட்டு இருக்கீங்க? ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"

அண்ணாதுரை கை அப்படியே நின்றது. அவர் அழ ஆரம்பித்தார். எதற்கு அழுகிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. உப்பு இல்லாததற்கு யாராவது அழுவார்களா என்று அதட்டினாள். பிறகு சுற்றிலும் பார்த்து, இலக்கியா எங்கே, அவளுக்குப் பள்ளிக்கூடத்துக்கு யார் சோறு கட்டிக் கொடுக்கிறது என்று கேட்டாள். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் கண் கலங்கியது. ஒருவர் தன் ஊறுகாய்ப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

பங்குனி பாதியில் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு மழை பெய்து தோட்டம் முழுக்கக் காபி பூத்திருந்தது. பூசாரி ராமசாமி, தன் மனசு ஆற ஒரு வெள்ளிக்கிழமை முறைப்படி தண்ணீர் ஊற்றட்டுமா என்று கேட்டார். தாராளமாக ஊற்றட்டும், மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் போனில் சொன்னார். அன்றிலிருந்து மாத்திரை போட்டாயா என்று தினமும் வாசலில் நின்று கேட்பது பூசாரியின் வேலையாகிவிட்டது. கண்ணாயி மறுபடி ஆட்டைக் கேட்டு வந்தாள். அம்மணி அவளுக்கு ஒரு கயிறு கொடுத்து, கட்டிப் போடு என்று சொல்லி அனுப்பினாள்.

தான் என்னவெல்லாம் பேசினோம் என்று அம்மணி ஒரு நாள் கேட்டாள். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். ரைட்டர் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் வெட்கத்தில் இரண்டு நாள் அவர் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தாள். பிள்ளையை யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டதை மட்டும் அண்ணாதுரை சொல்லவில்லை. இலக்கியாவும் சொல்லவில்லை. அப்பாவும் மகளும் பேசி வைத்துக்கொள்ளாமலே அதை மறைத்துவிட்டார்கள்.

ஆனி மாதம் மறுபடி காட்டப் போனபோது டாக்டர் இளவரசி மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். சீட்டை எழுதிக்கொண்டே, நிறையப் பேர் மாதக்கணக்கில் வைத்திருந்து, ரொம்ப முற்றின பிறகுதான் கூட்டி வருகிறார்கள், நீங்கள் எப்படி ஒரு வாரத்துக்குள் வந்தீர்கள் என்று அண்ணாதுரையைக் கேட்டார்.

"தாயிகிட்ட உத்தரவு கேட்டேனுங்க. சரின்னுட்டாங்க" என்றார் அவர்.

டாக்டர் அம்மணி பக்கம் திரும்பி, "நீங்களா குடுத்தீங்க?" என்றார்.

அம்மணி யோசித்துப் பார்த்தாள். "நானா இருக்காதுங்க டாக்டர். ஊசின்னாலே எனக்கு ஒடம்பு ஒதறும். நானா இருந்தா குடுத்தே இருக்க மாட்டேன்."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, அடுத்த மாதம் வரச் சொன்னார். அண்ணாதுரை சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டரைப் பார்த்துத்தான் கும்பிட்டார். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டார்.